பட்டுப்புழுவும் முதலாண்டு உயிர்நூலும்

ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும் ஆனி மாதத்தில் ஆரணியின் நெசவாளர் தெருக்களில் சில வீடுகளுக்கு ஒரு பட்டியல் வந்து சேரும். உயிர்நூலைப் பாடமாக எடுத்துக்கொண்ட மகனோ மகளோ கல்லூரியிலிருந்து எழுதிக்கொண்டு வரும் பட்டியல் அது. வெள்ளை மேலங்கி ஒன்று, கத்தரி, இடுக்கி, ஊசி, சிறு கத்தி ஆகியவை அடங்கிய பெட்டி ஒன்று, எச்.பி. பென்சில், அழிப்பான், ஒரு பக்கம் கோடிட்டும் எதிர்ப்பக்கம் வெறுமையாகவும் தைக்கப்பட்ட தடித்த செய்முறைப் பதிவேடு ஒன்று. தறிக்குழியில் கால் வைத்தபடியே அப்பட்டியலைப் படிக்கும் தந்தை முதலில் பார்ப்பது விலையைத்தான். "இவையெல்லாம் எதற்கப்பா?" என்று அவர் கேட்டால் பிள்ளைக்கு விடை தெரிவதில்லை, "கேட்டிருக்கிறார்கள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறான்.

நேயர்களே, அந்தத் தந்தையின் கேள்வி எளிய கேள்வியன்று. முதலாண்டு உயிர்நூல் வகுப்பில் மாணவனிடம் எதை எதிர்பார்க்கிறார்கள், ஏன் எதிர்பார்க்கிறார்கள் என்பதற்கு ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் வாயிலில் நிற்பதோ, அத்தந்தையின் தறியில் ஓடும் இழையைத் தந்த அதே பட்டுப்புழுதான்.

இத்தாலி நாட்டுப் பொலோனா நகரில் மார்செல்லோ மால்பீகி என்றொரு மருத்துவர் இருந்தார். 1628-ஆம் ஆண்டில் பிறந்தவர். இலண்டன் இராயல் கழகத்தின் செயலாளர் ஓல்டன்பர்க் அவருக்கு எழுதிய மடல் ஒன்றில், பட்டுப்புழுவைப் பற்றிய செய்திகளைத் தெரிவிக்குமாறு வேண்டியிருந்தார். மால்பீகி கேட்டறிந்ததை எழுதி அனுப்பவில்லை. புழுவையே எடுத்து நுண்பெருக்கியின் கீழ் வைத்து அறுத்துப் பார்க்கத் தொடங்கினார். மாதக்கணக்கில் இடைவிடாது பார்த்ததால் காய்ச்சலும் கண்ணழற்சியும் வந்தன என்று அவரே குறித்திருக்கிறார். 1669-இல் இராயல் கழகம் அந்நூலை வெளியிட்டது. ஒரு பூச்சியின் உள்ளுறுப்புகள் யாவற்றையும் முறையாக ஆராய்ந்து படம் வரைந்த முதல் நூல் அதுவே.

அதுவரை, இத்துணைச் சிறிய உயிர்களுக்கு உள்ளுறுப்புகள் என்று சொல்லத்தக்கவை இல்லையென்றே கற்றோர் பலர் எண்ணியிருந்தனர். மால்பீகி கண்டது வேறு. புழுவின் பக்கவாட்டில் வரிசையாகச் சிறு துளைகள். அவற்றிலிருந்து உடலெங்கும் கிளைத்துச் செல்லும் காற்றுக்குழல்கள். நுரையீரல் இல்லாமலே மூச்சுவிடும் ஏற்பாடு. முதுகோரம் நீண்டு துடிக்கும் இதயம். வயிற்றுப் பக்கம் முடிச்சு முடிச்சாக நரம்பு நாண். உடலின் இருபுறமும் மடிந்து மடிந்து கிடக்கும் பட்டுச் சுரப்பிகள். குடலைச் சார்ந்து நூல் போன்ற மெல்லிய குழல்கள். இக்குழல்கள் கழிவுகளைப் பிரிப்பவை என்பது பின்னர்த்தான் தெளிவாயிற்று. அவற்றுக்கு மால்பீகியின் பெயரையே இட்டனர். இன்றைக்கும் முதலாண்டு மாணவன் கரப்பானின் செரிமான மண்டலத்தை வரையும்போது 'மால்பீகியன் நுண்குழல்கள்' என்று ஒரு கோடிழுத்துப் பெயரெழுதுகிறான். அப்பெயர் பட்டுப்புழுவின் வழியாக வந்தது என்று அவனுக்குச் சொல்பவர் அரியர். ஆரணிப் பிள்ளைக்கு அதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

மால்பீகிக்கு இருநூறு ஆண்டுகட்குப் பின்னர் அதே பூச்சி இன்னொரு பேரறிஞரைப் பாடம் கற்க வைத்தது. பிரான்சில் பெப்ரின் எனப்படும் நோய் பட்டுப்புழுக்களைக் கொள்ளைகொண்டது. 1853-இல் 2 கோடியே 60 இலட்சம் கிலோவாக இருந்த கூட்டு விளைச்சல் 1865-இல் ஏறத்தாழ 40 இலட்சம் கிலோவாகச் சுருங்கிற்று. அரசு லூயி பாஸ்டரை அனுப்பியது. அவரோ வேதியியல் அறிஞர். பட்டுப்புழுவைக் கையால் தொட்டறியாதவர். வழியில் அவிஞோன் நகரில் பூச்சிநூல் வல்லுநர் பாபரைக் கண்டார். பாபர் பட்டுக்கூடு ஒன்றைக் கொடுத்தபோது பாஸ்டர் அதைக் காதருகே வைத்துக் குலுக்கி, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று வியந்தாராம். கூட்டுப்புழு என்பது ஒன்றுண்டு என்பதையே அன்றுதான் அவர் கேட்டறிந்தார் என்று பாபர் எழுதியிருக்கிறார். நோயாராய வந்தவரின் இவ்வறியாமையைக் கண்டு பாபர் அவரை இகழவில்லை. வெறுங்கையோடு களத்தில் இறங்கும் துணிவை மெச்சினார்.

பாஸ்டர் ஐந்தாண்டுகள் உழைத்தார். இடையில் 1868-இல் பக்கவாதம் தாக்கியது. ஆயினும் வழியொன்று கண்டார். தாய் அந்துப்பூச்சி ஒவ்வொன்றையும் தனியே முட்டையிட வைத்து, பின்னர் அப்பூச்சியை நசுக்கி, அச்சாற்றின் ஒரு துளியை நுண்பெருக்கியில் பார்க்க வேண்டும். நோய்த்துகள் தென்பட்டால் அதன் முட்டைகளைக் கொளுத்திவிட வேண்டும். உழவர்கள் நுண்பெருக்கியைக் கையாளுவார்களா என்று ஐயுற்றவர்களிடம், தம் சோதனைச்சாலையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அதை எளிதாகக் கையாளுகிறாள் என்று காட்டினார் பாஸ்டர். இத் தாய்ப்பூச்சிச் சோதனை இன்றும் நம் நாட்டுப் பட்டு முட்டை உற்பத்தி நிலையங்களில் நடைபெறுகிறது. அது தவறினால் ஆரணித் தறிக்கு வரும் பாவிலும் ஊடையிலும் தட்டுப்பாடு தெரியும்.

எட்டு வயதுச் சிறுமி பார்க்கலாமெனில் கல்லூரி மாணவன் ஏன் தன் கண்ணால் பார்க்கக் கூடாது? இக்கேள்வி அக்காலத்தில் நியாயமாகவே எழக்கூடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உயிர்நூல் விரிவுரையாகவே இருந்தது. ஆசிரியர் மேடையில் படம் காட்டுவார், மாணவர் எழுதிக்கொள்வர். இதை மாற்றியவர்களுள் தலையாயவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. 1870-களின் தொடக்கத்தில் இலண்டன் தென் கென்சிங்டனில் அவர் ஒரு கோடைக்கால வகுப்பை நடத்தினார். அவ்வகுப்பில் அமர்ந்தவர்கள் யாரென எண்ணுகிறீர்கள்? பள்ளிக்கூட ஆசிரியர்கள். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் இச்செய்தி எனக்குத் தனி மகிழ்ச்சி தருவது. காலையில் விரிவுரை கேட்டவர்கள், அதே நாளில் சோதனைச்சாலைக்குச் சென்று, கேட்டதைத் தம் கையால் அறுத்துத் தம் கண்ணால் கண்டு தம் பென்சிலால் வரைய வேண்டும் என்பது அங்கே விதி.

அம்முறையை ஹக்ஸ்லியும் அவர் துணைவர் மார்ட்டினும் 1875-இல் நூலாக்கினர். நொதிக்காளான், அமீபா, பாக்டீரியா, பூஞ்சணம் என எளியவற்றில் தொடங்கி, பெரணி, அவரை, நன்னீர்ச் சிப்பி என ஏறி, தவளையில் முடிந்தது அந்நூல். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு சான்றுயிரி. அதை முழுமையாக அறிந்தால் அதன் இனத்தையே அறியலாம் என்பது கருத்து. கல்லூரிகளில் இன்றளவும் நாம் காணும் பாடத்திட்டத்தின் எலும்புக்கூடு இதுவே.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1888-இல் வந்த திருத்திய பதிப்பில் ஒரு பெரிய மாறுதல் நேர்ந்தது. வரிசை தலைகீழாயிற்று, தவளை முதலில் வந்தது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிரிலிருந்து தொடங்கினால் புதிய மாணவன் தடுமாறுகிறான், ஓரளவு பழகிய உடலமைப்புள்ள விலங்கிலிருந்து தொடங்கினால் பிடிப்புக் கிடைக்கிறது என்பதை அனுபவம் காட்டியது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஹக்ஸ்லி போன்ற ஒருவரும் அதை வகுப்பறையில் நின்றே கற்க வேண்டியிருந்தது. தாம் வகுத்த வரிசை மாறுவதற்கு அவர் இசைந்ததை நான் அவருடைய கண்டுபிடிப்புகளுக்கு இணையாகவே மதிக்கிறேன்.

இம்முறை சென்னைக்கு வந்த வழி நேரானது. ஹக்ஸ்லியின் வகுப்பில் துணையாசிரியராக இருந்தவர் ரே லங்காஸ்டர். லங்காஸ்டரின் மாணவர் ஆல்பிரட் கிப்ஸ் போர்ன். அவர் 1886-இல் சென்னை மாகாணக் கல்லூரியில் உயிர்நூல் பேராசிரியரானார். மண்புழுக்களை ஆராய்ந்தவர், 1895-இல் இராயல் கழக உறுப்பினரானவர், பின்னாளில் சென்னை மாகாணக் கல்வித்துறையின் தலைவராகவும், 1915 முதல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும் விளங்கியவர்.

அவர் செய்த ஒரு சோதனையைச் சொல்லாமல் மேற்செல்ல மனமில்லை. நெருப்பு வளையத்துக்குள் அகப்பட்ட தேள் தன்னைத்தானே கொட்டிக்கொண்டு மாளும் என்பது உலகெங்கும் வழங்கிய நம்பிக்கை. நம் ஊர்களிலும் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். போர்ன் சென்னைத் தேள்களைப் பிடித்து அதைச் சோதித்துப் பார்த்தார். தேளின் நஞ்சு அதே தேளையோ அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்றையோ கொல்வதில்லை என்று கண்டார். வெப்பம் தாங்காமல் தேள் வாலை இங்குமங்கும் வீசுவதைத்தான் மக்கள் தற்கொலை என்று எண்ணினர். 1887-இல் இராயல் கழகத்தின் ஏடுகளில் இது வெளியாயிற்று. கேட்டதை நம்பாதே, பிடித்து வைத்துப் பார் என்பதே அப்பேராசிரியரின் வழியாக நம் கல்லூரிகளுக்குள் நுழைந்த எதிர்பார்ப்பு. கத்தரியும் ஊசியும் பென்சிலும் அதற்குத்தான்.

அதே காலத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் ஹெண்டர்சன் உயிர்நூல் கற்பித்துக்கொண்டே நண்டினங்களை ஆராய்ந்தார். இங்கிலாந்து நூல்களிலிருந்த செடிகொடிகள் நம் மாணவர்க்கு அயலானவை என்பதை உணர்ந்து, மாகாணக் கல்லூரியின் பைசன் 1912-இல் இந்தியாவுக்கான தாவர நூலொன்றை எழுதினார். கோவை வேளாண்மைக் கல்லூரியின் க. ரங்காசாரியார் 1916-இல் அவ்வகையில் மற்றொரு கைந்நூலைத் தந்தார். நம்மூர் வயலிலும் வேலியிலும் கிடைப்பவற்றையே சான்றாகக் காட்டும் நூல்கள் அவை. விலங்கியலில் ஏகாம்பரநாத ஐயரின் நூல் பல தலைமுறை மாணவர்களின் கைகளில் புழங்கியது. குளத்துப் பாசியைக் குப்பியில் எடுத்து வந்து உலகறியும் ஆராய்ச்சி செய்தவர் எம்.ஓ.பி. ஐயங்கார், சென்னை வட்டாரத்து வால்வாக்ஸ் பாசிகளைப் பற்றி அவர் 1920-இல் எழுதியது இன்றும் பேசப்படுகிறது. குளத்து நீரும் கல்லூரிச் சோதனைச்சாலையும் அப்போது அவ்வளவு அண்மையில் இருந்தன.

இவ்வளவும் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில் இயலாதோ எனின், இயன்றதற்குச் சான்று ஈழத்தில் உண்டு. ஹக்ஸ்லி இலண்டனில் ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்த அதே ஆண்டுகளில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் மாணவர்க்கு உடற்கூற்றைத் தமிழிலேயே கற்பித்துக்கொண்டிருந்தார். 1867-இல் 'இரண வைத்தியம்', 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆகிய நூல்கள் அச்சேறின. பின்னர் 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தொடங்கிய கலைச்சொல் முயற்சியும், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியமும் சொற்குறையைப் பெரிதும் நீக்கின. 1960-இல் கோவை அரசினர் கல்லூரியில் தமிழ் வழிப் பட்ட வகுப்பு தொடங்கிய பின்னர்க் கல்லூரிப் பாடநூல்களும் தமிழில் வரத் தொடங்கின. இருந்தும் இன்று தமிழ் வழியில் பள்ளிப்படிப்பை முடித்துக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளை, முதல் மாதத்தில் எந்த உயிரையும் காணுமுன்னரே நூற்றுக்கணக்கான கிரேக்க, இலத்தீன் சொற்களைக் கேட்டு மலைக்கிறான். 'இது என் மண்டைக்கு ஏறாது' என்று அவன் சொல்வது பாடத்தைப் பற்றியன்று, சொற்களைப் பற்றியே.

இனி ஆரணிக்கு வருவோம். கமண்டல நாகநதிக்கரையில் உள்ள இவ்வூர் வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்து, 1989 முதல் திருவண்ணாமலை மாவட்டத்தில் அடங்கியது. நீண்டகாலம் இங்குள்ள பிள்ளைகளுக்கு அருகிலிருந்த கல்லூரி, 1898-இல் தோன்றிய வேலூர் ஊரிசு கல்லூரியே. 1960-களில் திருவண்ணாமலையிலும் செய்யாற்றிலும் அரசினர் கலைக் கல்லூரிகள் ஏற்பட்டன. இண்டர்மீடியட் போய்ப் புகுமுக வகுப்பு வந்து, 1978-இல் மேனிலைப் பள்ளிகள் தோன்றியபோது உயிர்நூலின் தொடக்கப் பாடம் பள்ளிக்கும் இறங்கிற்று. 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் எழுந்தது. நெசவாளர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பெண்ணுக்கும் பையனுக்கும் இவை பெரும் பேறு.

அவர்கள் கல்லூரியில் காண்பது என்ன? ஆண்டு இரு பருவங்களாகப் பிரிந்திருக்கிறது. எழுத்துத் தேர்வுக்குப் பொதுவாக 75 மதிப்பெண். வகுப்புத் தேர்வு, ஒப்படைப்பு, வருகை முதலியவற்றுக்கு 25. செய்முறைத் தேர்வில் எண்ணிட்ட குப்பிகளும் கண்ணாடித் தகடுகளும் வரிசையாக நிற்கும். மணியடித்ததும் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்து, அஃது இன்னதென்று எழுத வேண்டும். பதிவேட்டில் ஆசிரியர் கையொப்பம் இருந்தாலன்றித் தேர்வறைக்குள் நுழைய இயலாது. ஒழுங்கு நல்லதே. ஆனால் பதிவேடு பிறந்த நோக்கம் இவ்வொழுங்கினிடையே மெல்ல நழுவிவிட்டது. சென்ற ஆண்டு மாணவனின் பதிவேட்டைச் சன்னற் கண்ணாடியில் வைத்து, வெயிலின் உதவியால் அதன்மேல் தாளிட்டுப் படியெடுப்பதை நான் பல பிள்ளைகளிடம் கண்டிருக்கிறேன். ஒரு கல்லூரியில் பிழையாக வரையப்பட்ட கரப்பானின் வாயுறுப்பு ஒன்று ஆறேழு ஆண்டுகள் கைமாறிக் கைமாறி வந்து, ஒவ்வோர் ஆண்டும் 'சரி' என்ற குறியைப் பெற்றதாம்! அந்தக் கரப்பானை எவரும் பார்க்கவில்லை; திருத்தியவரும் பார்க்கவில்லை.

இதனிடையே அறுவையும் நின்றுவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் வழிகாட்டு நெறிகளையும், 2014-இல் அறிவிக்கையையும் வெளியிட்டு, கல்லூரிச் சோதனைச்சாலைகளில் விலங்குகளை அறுக்கும் வழக்கத்துக்கு முடிவு கட்டியது. ஆண்டுதோறும் எண்ணற்ற தவளைகள் பிடிக்கப்பட்டு மாண்டதை எண்ணும்போது இதைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. வயலில் தவளை குறைந்தால் பூச்சி பெருகும் என்பதை உழவர் அறிவர். இப்போது படங்களும் மாதிரி உருவங்களும் கணினிக் காட்சிகளும் அவ்விடத்தை நிரப்புகின்றன. காட்சி தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அதில் எல்லாத் தவளைகளும் ஒரே தவளை. எல்லா மாணவர்க்கும் ஒரே படம். இருநூறு பேர் தேர்வெழுதினாலும் ஒருவரும் எதையும் புதிதாகக் காண்பதற்கில்லை.

ஆரணிப் பிள்ளைக்கோ பார்வைக்குக் குறைவில்லை. சிறு வயதிலேயே தார் சுற்றவும், பாவை அச்சில் பிணைக்கவும் பழகியவன் அவன். ஆயிரக்கணக்கான இழைகளுள் அறுந்த ஒன்றை விளக்கொளியில் கண்டுபிடிக்கும் கண் அவனுடையது. ஊசி முனையால் நரம்பு நாணைப் பிரித்தெடுக்க இதைவிடப் பெரிய பயிற்சி வேண்டுமா? இந்தக் கைத்திறத்துக்குக் கல்லூரியில் மதிப்பெண் எதுவும் இல்லாதிருப்பதுதான் வருத்தம். அவனே சில சமயம் தறியை மறைத்துப் பேசுகிறான். வகுப்பில் தந்தையின் தொழிலைக் கேட்டால் 'வியாபாரம்' என்கிறான்.

இன்னொரு விந்தையும் உண்டு. பட்டு ஊரில் பிறந்தும் பட்டுப்புழுவைக் கண்ணால் கண்டிராதவர் இங்கே பெரும்பாலோர். கூடு சந்தைக்கு வருவதும் நூலாக இழைக்கப்படுவதும் பெரும்பாலும் கருநாடகத்திலும் தருமபுரி, கிருட்டினகிரிப் பக்கங்களிலும் நிகழ்கின்றன. ஆரணிக்கு வருவது கண்டு நூல். கூட்டைக் குலுக்கிப் பார்த்த பாஸ்டரின் நிலையிலேயே நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள் எனலாம். பல கல்லூரிகளில் பட்டுப்புழு வளர்ப்பு விருப்பப் பாடமாக உள்ளது. ஆயின் அது பெரும்பாலும் பின்னைய பருவங்களில் வருகிறது. ஆரணிப் பக்கத்துக் கல்லூரிகளிலாவது அதை முதலாண்டின் முதல் மாதத்துக்குக் கொண்டுவரலாம் என்பது என் எண்ணம். 1888-இல் தவளை முதலிடத்துக்கு வந்த அதே காரணம் இங்குப் பட்டுப்புழுவுக்கும் பொருந்தும்.

தொடக்கப் பாடத்தில் வரவேண்டியவற்றுள் அப்புழுவிடம் இல்லாதது குறைவு. நான்கு முறை தோலுரித்து, ஒரு மாதத்துக்குள் தன் எடையை ஏறத்தாழப் பதினாயிரம் மடங்காக்கிக்கொள்வதில் வளர்ச்சி இருக்கிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என்பதில் உருமாற்றம் இருக்கிறது. சுரப்பியின் பின்பகுதி பைபிராயின் என்னும் புரதத்தையும் நடுப்பகுதி செரிசின் என்னும் பசையையும் சுரப்பதில் உயிர்வேதியியல் இருக்கிறது. சவுக்காரமும் சோடாவும் இட்ட கொதிநீரில் நூலை வேகவைத்து வெண்மையாக்கும்போது அந்தச் செரிசினைத்தான் சாயப்பட்டறைக்காரர் நீக்குகிறார். மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்துமா என்பதைச் சோதித்த முன்னோடிகளுள் ஒருவரான ஜப்பானியர் தோயாமா, 1906-இல் வெளியிட்ட முடிவுகளுக்குப் பட்டுப்புழுக்களைத்தான் துணைக்கொண்டார். பூச்சிகள் மணத்தால் துணையை அழைக்கும் மருமத்தை 1959-இல் ஜெர்மனியின் பூட்டனாண்ட் வேதிப்பொருளாகப் பிரித்துக் காட்டியதும், ஏறத்தாழ ஐந்து இலட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்துதான்.

அறுக்கவும் வேண்டுவதில்லை. பூச்சி வெளியேறிய கூடும், நூலெடுக்கும் கூடும் தருமபுரிச் சந்தைக்கு ஒருமுறை சென்றுவந்தால் கிடைக்கும். மாணவர் ஒருவருக்கு ஒரு கூடு போதும். வெந்நீரில் இட்டுப் பசை இளகியதும் இழையின் நுனியைத் தேடிப் பிடிக்க வேண்டும்; அவ்வேலையை வீட்டில் தார் சுற்றிய பெண் மற்றவர்க்கு முன்னரே முடித்துவிடுவாள். பின்னர் அளவு குறித்த சட்டத்தில் சுற்றிச் சுற்றி நீளத்தைக் கணக்கிடலாம். சில நூறு மீட்டர் முதல் ஆயிரம் மீட்டருக்கு மேலும் போகும். அதைப் பதிவேட்டில் எழுதி, நாற்பது மாணவர் அளவுகளையும் கரும்பலகையில் ஏற்றினால் சராசரியும் வேறுபாடும் என்னவென்று அங்கேயே விளங்கும். ஒருவர் கூட்டின் நீளம் மற்றவர் கூட்டின் நீளத்தோடு ஒத்திராது. ஆகவே சென்ற ஆண்டுப் பதிவேட்டைப் பார்த்து எழுதவும் வழியில்லை.